இது அழுக்கு அல்ல, மச்சம்

"மூணு வாட்டி புரட்டிட்டேன்டி. தேங்காயைப் பத்தி இதுல ஒரு வரி கூட இல்ல."

கல்லூரி நூலகத்தில், அலமாரிக்கு அந்தப் பக்கம் நின்ற மனையியல் துறைப் பெண் ஒருத்தி தன் தோழியிடம் இப்படிச் சொன்னது, இந்தப் பக்கம் நின்ற என் காதில் விழுந்தது. புத்தகங்களுக்கு நடுவே இருந்த இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவள் கையில் இருந்தது எங்கள் இதழ்.

இதழின் பெயர் 'துருவல்'. தமிழ்த்துறை மாணவர்கள் நடத்தும் ஆய்விதழ். துருவித் துருவி ஆராய்வதால் துருவல். பெயர் வைத்த அன்று நாங்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டோம். நூலகர் அதை 'நூறு வகை ஊறுகாய்'க்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார். வெளிவந்த இரண்டு இதழ்களையும் பதினொரு பேர் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். ஆய்வுக்கு இத்தனை வரவேற்பா என்று ஓர் ஆண்டாகப் பூரித்திருந்தோம். பதினொரு பேரும் மனையியல் துறை என்பதை அன்றுதான் பதிவேட்டில் பார்த்தேன்.

அந்தப் பெண்ணிடம் போய், "இது சமையல் புத்தகம் இல்லைங்க" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் டவுன் பஸ்ஸில் "இறங்கணும்" என்று சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் வேறு யாராவது இறங்கும்போது கூடவே இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள் நான். அப்படி நடந்து நடந்துதான் ஒரு கட்டுரையே எழுதினேன். எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தங்களின் பெயர்களைப் பற்றியது. 'புளியமரம்' நிறுத்தத்தில் புளியமரம் இல்லை. 'பழைய தபால் ஆபீஸ்' நிறுத்தத்தில் இருப்பது பல் ஆஸ்பத்திரி. பொருள் போன பிறகும் பெயர் ஏன் போவதில்லை என்று பதினான்கு பக்கம், அறுபத்து மூன்று அடிக்குறிப்பு. 'துருவல்' மூன்றாவது இதழில் முதல் கட்டுரையாக அது வர இருந்தது. 'மு. மரகதவல்லி' என்று என் பெயர் அச்சில் வரும். அதற்கு முன் என் பெயர் அச்சில் வந்தது ரேஷன் கார்டில் மட்டும்தான். அதிலும் 'மரகதவள்ளி'.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. காலையில் பல் துலக்கும்போது மட்டும் நினைத்துக்கொள்வேன்.

ஆசிரியர் குழுவில் நாங்கள் நான்கு பேர், எல்லோரும் எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. சித்திரவேல் முதன்மை ஆசிரியர். அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை, அந்தத் தகுதிக்காகவே அவனைத் தேர்ந்தெடுத்தோம். ஹாஜிரா பானு கூட்டக் குறிப்பு எழுதுகிறவள். யார் தும்மினாலும் நேரத்தோடு எழுதிவிடுவாள். ஞானசெல்வம் கலைப் பொறுப்பு. பிளஸ் டூ படிக்கும்போது வகுப்பு முழுவதற்கும் ரெக்கார்டு நோட்டில் தவளை வரைந்து கொடுத்தவன். நான்காவது ஆள் நான். மற்ற நேரத்தில் வாடி போடா என்று பேசிக்கொள்வோம், கூட்டம் தொடங்கிவிட்டால் எல்லோரும் 'நீங்கள்' ஆகிவிடுவோம்.

நூலகத்தில் கேட்டதைக் கூட்டத்தில் சொன்னேன். நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. ஹாஜிரா அதையும் எழுதினாள்.

"குற்றச்சாட்டு உண்மையா?" என்று சித்திரவேல் கேட்டான்.

ஹாஜிரா இரண்டு இதழ்களையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துப் பார்த்தாள். "உண்மைதான். தேங்காயைப் பத்தி ஒரு வரி கூட இல்ல."

"அப்ப அது நம்ம குறைதான்."

மூன்றாவது இதழில் தேங்காயைப் பற்றி ஒரு வரி சேர்ப்பதென்று தீர்மானம் நிறைவேறியது. ஒரு வரிக்கு மேல் போனால் ஆய்வின் தரம் கெடும் என்று ஞானசெல்வம் கவலைப்பட்டதால் ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டோம். இரண்டாம் பக்கத்தின் அடியில் இப்போதும் இருக்கிறது: 'தேங்காய் ஒரு காய்.'

தீர்மானத்தைச் சொல்வதற்காக எங்கள் பொறுப்பாசிரியர் அருள்மேரி மேடத்தைத் தேடிப் போனோம். மூன்று வாரப் பயிற்சிக்காகக் கோயம்புத்தூர் கிளம்பிக்கொண்டிருந்தவர், ஆட்டோவில் ஒரு காலை வைத்தபடி நாங்கள் சொன்னதைக் கேட்டார். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வருகிற இருபத்து நான்காம் தேதி பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வருகிறது, மூன்றாவது இதழைப் பார்த்துவிட்டுத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டால் அது எல்லாக் கல்லூரி நூலகங்களுக்கும் போகும் என்றார். சேர்க்காவிட்டால் அச்சடித்த அத்தனை இதழையும் கட்டுப் பிரிக்காமல் ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டிவிடுவதாக பிரின்சிபால் சொல்லிவிட்டாராம். ஸ்டோர் ரூமில் எலி இருப்பது எனக்குத் தெரியும்.

ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது. மேடம் அவசரமாகச் சொன்னார்:

"முதல்ல இதழுக்குன்னு ஒரு அடையாளம் வேணும். கண்ணை உறுத்தாத நிறமாப் பாருங்க. அட்டையில மூச்சு விட இடம் விடுங்க. நாப்பது இதழுக்கு நடுவுல வச்சாலும் நம்மளது தனிச்சு நிக்கணும். சந்தேகம் வந்தா போன் பண்ணுங்க."

எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. வந்திருந்தால் போன் செய்திருப்போம். இரண்டு ஆண்டாகப் பதவுரை படித்தவர்கள் நாங்கள். ஒரு சொல்லைக் கையில் கொடுத்தால் அதன் பொருளைப் பிடிக்காமல் விட மாட்டோம்.

முதல் சொல் 'அடையாளம்'. அகராதியில் ஏழு பொருள் போட்டிருந்தது. எது நமக்குப் பொருந்தும் என்று ஒரு மணி நேரம் வாதாடினோம். வழி கண்டுபிடித்தவள் ஹாஜிராதான்.

"அடையாளம்னா என்னன்னு அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கே" என்று பையிலிருந்து தன் மாற்றுச் சான்றிதழ் நகலை எடுத்தாள். அங்க அடையாளங்கள் என்ற இடத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. ஒன்று, வலது முன்கையில் ஒரு மச்சம். இரண்டு, இடது முழங்காலில் ஒரு தழும்பு.

மறுநாள் எல்லோரும் அவரவர் சான்றிதழைக் கொண்டுவந்தோம். நான்கிலும் மச்சமோ தழும்போதான். ஆக, இதழுக்குத் தேவை ஒரு மச்சமும் ஒரு தழும்பும் என்று சித்திரவேல் முடித்துவைத்தான். வேலை இவ்வளவு சுலபமா என்று எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஞானசெல்வம் மட்டும் கூடவே ஒரு தவளையும் போடலாமா என்று கேட்டான். படிவத்தில் தவளைக்கு இடமில்லை என்று ஹாஜிரா சொல்லிவிட்டாள்.

ஞானசெல்வம் அட்டையின் வலது மேல்பக்கத்தில் ஒரு மச்சம் வைக்கப் போனான். சித்திரவேல் கையைப் பிடித்தான்.

"யாரோட வலது?"

"அட்டையோட வலதுதான்."

"அட்டை நம்மளப் பார்த்துதானே இருக்கு? எதிர்ல நிக்கிறவரோட வலது கை நமக்கு எந்தப் பக்கம்?"

ஞானசெல்வம் பேனாவை மூடி வைத்தான். இதை யோசிக்காமல் எத்தனையோ இதழ்கள் அச்சாகியிருக்கின்றன என்பதை நினைக்க எங்களுக்கு வருத்தமாக இருந்தது.

"கவுத்து வச்சா?" என்றாள் ஹாஜிரா.

"கவுத்து வச்சா முதுகு தெரியும். முதுகு மச்சத்தை யாரும் சான்றிதழ்ல எழுத மாட்டாங்க."

எல்லோருக்கும் புரிவதற்காகச் சித்திரவேல் மேசைமேல் மல்லாந்து படுத்தான். தன்னை இதழாக வைத்துக்கொண்டு மச்சத்தின் இடத்தைக் குறிக்கச் சொன்னான். நாங்கள் மூன்று பேரும் தலை குனிந்து சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். சுற்றறிக்கையோடு அந்த வழியாக வந்த அலுவலக உதவியாளர் வாசலில் தயங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே வந்து, "எப்ப ஆச்சு?" என்று என்னிடம் கேட்டார். "ரெண்டரை மணிக்குத் தொடங்குச்சுங்க" என்று நான் சொன்னேன்.

மச்சத்துக்கு நம் இடது மேல் மூலை என்று முடிவானது. அடுத்து தழும்பு.

"தழும்புன்னா விழுந்திருக்கணும்" என்று சித்திரவேல் சொன்னான். "விழாமலே தழும்பு வரைஞ்சா அது போலி. ஆய்விதழ்ல போலிக்கு இடமில்ல."

இதை யாரும் மறுக்க முடியவில்லை. சிறு வயதில் விழுகிறவர்கள் பெரும்பாலும் சைக்கிளிலிருந்துதான் விழுகிறார்கள் என்பதால், இரண்டாவது இதழின் பிரதி ஒன்றை ஞானசெல்வத்தின் சைக்கிள் கேரியரில் வைத்து மைதானத்து ஜல்லி மேல் ஓட்டிப் போவதென்று ஏற்பாடு. இதழ் வழியில் விழ வேண்டும். கட்டுகிற வேலை என்னுடையது. நன்றாகக் கட்டு என்றார்கள், நன்றாகக் கட்டினேன். மைதானத்தை ஒன்பது சுற்று சுற்றியும் இதழ் விழவில்லை. சைக்கிளே விழுந்தால்தான் உண்டு என்று ஓரத்தில் நின்று ஆலோசித்து முடிவெடுத்து, ஞானசெல்வத்துக்குக் கையைக் காட்டினோம். அவன் விழுந்தான்.

இதழுக்கு ஒன்றும் ஆகவில்லை, கொஞ்சம் தூசி மட்டும். ஞானசெல்வத்துக்கு முழங்கால் தேய்ந்து இரத்தம் கசிந்தது. ஹாஜிரா குனிந்து பார்த்துவிட்டு, "இடது முழங்கால். படிவத்துல இருக்கிற மாதிரியே" என்று நிம்மதியாகச் சொன்னாள். இதழின் வேலையாகப் போனபோது பட்ட காயம் என்பதால் அது முறைப்படி இதழுக்குச் சேர்ந்தது என்று சித்திரவேல் விளக்கம் தந்தான். ஞானசெல்வம் வலியோடு ஒப்புக்கொண்டான். காயம் தழும்பாகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தினமும் காலையில் அவன் பேண்ட்டை மடித்துக் காட்டுவான். ஹாஜிரா முன்னேற்றத்தைக் குறித்துக்கொள்வாள். பதினோராம் நாள் பொருக்கு உதிர்ந்தது. முழங்காலைப் படமெடுத்தோம்.

காத்திருந்த நாட்களை வீணாக்கவில்லை, நிறத்தைச் சோதித்தோம். கண்ணை உறுத்துகிறதா என்பதைக் கண்ணில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பதினொரு நிறத்தில் அட்டை வாங்கி, சிறிது சிறிதாக வெட்டி, ஒவ்வொன்றாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். எல்லாமே உறுத்தின. வெளிர் நீலம் உறுத்தாது என்று எதிர்பார்த்தோம், அதுதான் அதிகம் உறுத்தியது. சித்திரவேல் முதன்மை ஆசிரியர் என்ற முறையில் இரண்டு கண்ணையும் கொடுத்தான். ஏழாவது அட்டையில்தான், குற்றம் நிறத்தில் இல்லை, அட்டையின் மூலையில் என்று கண்டுபிடித்தோம். இதழின் நான்கு மூலையையும் வட்டமாக வெட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டு, கடைசியாகக் கையில் இருந்த அட்டையை நிறமாகத் தேர்ந்தெடுத்தோம். கண் கலங்கியிருந்ததால் அது என்ன நிறம் என்று அப்போது தெரியவில்லை. சாயங்காலம் பார்த்தபோது ரோஸ்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அச்சகத்துக்குப் போனோம். உரிமையாளர் செல்லையா அண்ணன் பொறுமையானவர். முழங்கால் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெண்டைக்காய் நல்லா வந்திருக்கு தம்பி" என்றார். துருவல் என்ற பெயரைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது.

முதல் மாதிரி அட்டை வந்தது. மச்சம் இல்லை.

"ஏதோ மை தெறிச்சிருந்துச்சும்மா, தொடைச்சு எடுத்துட்டேன்" என்றார் அண்ணன்.

மறுபடி மச்சம் வைத்துக் கொடுத்தோம். இரண்டாவது மாதிரியிலும் இல்லை. இந்த முறை கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த அக்கா துடைத்திருந்தார். மூன்றாம் முறை ஹாஜிரா சிவப்புப் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் 'இது அழுக்கு அல்ல, மச்சம்' என்று தெளிவாக எழுதிக் கொடுத்தாள். அண்ணன் அதை இரண்டு தடவை படித்து, தலையாட்டி, இனிமேல் தப்பே வராது என்றார்.

இருநூறு இதழ்கள் வந்தன. ரோஸ் நிற அட்டை, வட்ட மூலை. கீழே வலப்பக்கம் ஞானசெல்வத்தின் முழங்கால். மேலே இடப்பக்கம் மச்சம். அதன் பக்கத்தில் அம்புக்குறியும், பெயரைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் 'இது அழுக்கு அல்ல, மச்சம்' என்பதும் அச்சாகியிருந்தன.

நான் அட்டையைப் பார்க்கவில்லை. மூன்றாம் பக்கத்தைத்தான் பார்த்தேன். மு. மரகதவல்லி. லகர ளகரக் குழப்பம் எதுவும் இல்லாமல், சரியான 'ல்லி'. மற்றவர்கள் மச்சத்தைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தபோது, இருநூறு இதழிலும் அப்படித்தான் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். இருந்தது.

அடுத்தது மூச்சு விட இடம். மூச்சு விடுவது இதழா, படிக்கிறவரா என்று ஒரு கேள்வி எழுந்தது. படிக்கிறவருக்கு ஏற்கெனவே மூக்கு இருப்பதால் இதழுக்குத்தான் என்று தீர்ந்தது. மூக்கென்றால் இரண்டு துவாரம். அலுவலகத்தில் இருந்த பஞ்சிங் மிஷின் ஒரே அழுத்தில் இரண்டு ஓட்டைதான் போடும். அதைச் செய்தவரும் இதே முடிவுக்கு வந்திருக்கிறார் என்று எங்களுக்கு உற்சாகமாகிவிட்டது. இருநூறுக்கும் போட்டு முடித்த பிறகுதான், ஓட்டை அட்டையோடு நிற்காமல் பத்தாம் பக்கம் வரை போயிருப்பதைப் பார்த்தோம். என் கட்டுரை மூன்றாம் பக்கத்தில் தொடங்குகிறது. 'மரம் போன பிறகும் பெயர் போவதில்லை' என்ற வரியில் மரம் போயிருந்தது, பெயர் இருந்தது.

"உங்க கட்டுரை சொன்னது சரின்னு ஆயிடுச்சு" என்று சித்திரவேல் என்னைத் தேற்றினான்.

இருந்தாலும் ஆய்விதழில் எழுத்துகள் விடுபடுவது முறையல்ல. மிஷினுக்குள் சேர்ந்திருந்த வட்டத் துண்டுகளையெல்லாம் கொட்டி, ஓர் இதழுக்கு இத்தனை என்று எண்ணி, சின்னச் சின்ன உறைகளில் போட்டு, ஒவ்வோர் இதழின் உள்ளேயும் ஒட்டினோம். உறையின் மேல் ஹாஜிரா எழுதினாள்: 'பிழைதிருத்தம். விடுபட்ட எழுத்துகள் உள்ளே உள்ளன.' இருநூறு உறை ஒட்ட இரண்டு நாள் ஆனது. பசை தீர்ந்து, விடுதியிலிருந்து சோறு கொண்டுவந்து ஒட்டினோம்.

தனித்து நிற்பதுதான் கடினமாக இருந்தது. நூலகத்திலிருந்து நாற்பது ஆய்விதழ்களை எடுத்துவந்து நடுவில் எங்கள் இதழை நிறுத்தினோம். நின்றது. ஆனால் பக்கத்து இதழ்மேல் சாய்ந்துதான் நின்றது, தனித்து நிற்கவில்லை. ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க இதழ் தள்ளாடி, கடைசியில் குப்புற விழுந்தது. ஞானசெல்வம் மேசை நாட்காட்டியைப் பார்த்து, பின்னட்டையில் ஒரு மடக்குக் கால் ஒட்டினான். இப்போது யார் துணையும் இல்லாமல் நின்றது. ஃபேன் போட்டால் மட்டும் விழும். எனவே ஃபேன் போடுவதில்லை என்று முடிவு செய்தோம்.

இருபத்து நான்காம் தேதி வந்தது. கருத்தரங்கக் கூடத்தில் நீள மேசை போட்டு, ஐம்பது இதழ்களை வரிசையாக நிறுத்தினோம். மேடம் கோயம்புத்தூரிலிருந்து நேராகக் கூடத்துக்குப் பெட்டியோடு வந்தார். இதழ்களைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

குழுவில் மூன்று பேர். தலைவர் வயதானவர், தடித்த கண்ணாடி போட்டிருந்தார். ஃபேன் இல்லாததால் மூவரும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். தலைவர் ஓர் இதழை எடுத்து, அதே கைக்குட்டையால் மச்சத்தைத் துடைத்தார். பிறகு அம்புக்குறியைப் பார்த்து, பக்கத்தில் இருந்ததை மெதுவாக வாய்விட்டுப் படித்தார். பிறகு கீழே விரல் வைத்தார்.

"இது?"

"முழங்கால்ங்க ஐயா" என்றான் சித்திரவேல்.

"யாருது?"

ஞானசெல்வம் முன்னால் வந்து பேண்ட்டை மடித்துக் காட்டினான். தலைவர் அட்டையையும் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பது வருடம் சான்றிதழ் சரிபார்த்த பழக்கம் போலிருக்கிறது, கையில் இருந்த படிவத்தில் 'அசலுடன் ஒப்பிடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகுதான் என்ன எழுதினோம் என்று பார்த்தார்.

நான் கூடத்தின் ஓரத்தில் இருந்த இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் நின்றேன். ஸ்டோர் ரூம் சாவி பிரின்சிபாலின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டு தெரிந்தது. தலைவர் உள்ளே புரட்டினார். உறையிலிருந்து வட்டத் துண்டுகள் அவர் மடியில் கொட்டின. ஒன்றைப் பொறுக்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மூன்றாம் பக்கத்து ஓட்டையில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. வேறொன்றை வைத்தார். பொருந்தியது. அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. துண்டு துண்டாகப் பொருத்திக்கொண்டே என் கட்டுரையின் பதினான்கு பக்கத்தையும் படித்தார். மற்ற இருவரும் இளநீர் குடித்து முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

"இந்தப் புளியமரம் ஸ்டாப்புல நான் இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி இறங்கியிருக்கேன்" என்றார் தலைவர். "அப்பவே மரம் கிடையாது. ஏன் இந்தப் பேருன்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. நல்ல கட்டுரை. யார் எழுதினது?"

ஓட்டைகளையே பார்த்தவர் தலைப்பின் கீழ் இருந்த பெயரைக் கவனிக்கவில்லை. நான் பீரோவுக்குப் பக்கத்திலிருந்து பீரோவுக்குப் பின்னால் நகர்ந்தேன். சித்திரவேல் வாயைத் திறந்தான். அதற்குள் குழுவில் இருந்த அம்மாள் குறுக்கிட்டார்.

"நாம கேட்கக் கூடாதுங்க ஐயா. கட்டுரையைப் பரிசீலிக்கிறவருக்கு எழுதினவர் பெயர் தெரியக் கூடாது, விதியே அதுதானே." எங்கள் பக்கம் திரும்பி, "நீங்க அந்த விதியைப் பின்பற்றுறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றான் சித்திரவேல்.

"அது ஒண்ணுதான் குறை. அதைச் சரி பண்ணிடுங்க" என்றார் தலைவர். அட்டையைப் பற்றி அவர் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. எழுத்துகளைப் பொருத்துகிற மும்முரத்தில் மறந்திருக்க வேண்டும். பட்டியலில் 'துருவல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தன் பிரதியைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிரின்சிபால் சாவியைச் சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளிக்கொண்டார்.

இதழ்கள் மறுநாளே எல்லாக் கல்லூரிகளுக்கும் போகும் என்றார்கள். பீரோவுக்குப் பின்னால் நான் மூச்சை இழுத்து விட்டேன்.

குழுவைக் காரில் ஏற்றிவிட மேடம் எழுந்தார். அன்றைக்கு முதல் தடவையாக எங்களிடம் பேசினார்.

"அவங்க சொன்னதை மட்டும் செய்யுங்க. அதுக்கு மேல தயவுசெஞ்சு ஒண்ணும் செய்யாதீங்க."

அவர் போனதும் அவசரக் கூட்டம் கூடினோம்.

"பரிசீலிக்கிறவர்னா யாரு?" என்று ஹாஜிரா கேட்டாள்.

"படிச்சுப் பார்த்துட்டு, நல்லா இருக்கு, நல்லா இல்லன்னு சொல்றவர்" என்றான் சித்திரவேல்.

"படிக்கிற எல்லாருமே அதைத்தானே சொல்வாங்க?"

சித்திரவேல் யோசித்தான். "அப்ப யாருக்குமே தெரியக் கூடாது."

ஞானசெல்வம் கறுப்பு மார்க்கர் எடுத்துவந்தான். உள்ளடக்கத்தில் ஒன்று, கட்டுரைத் தலைப்பின் கீழ் ஒன்று, கடைசிப் பக்கத்துக் கட்டுரையாளர் குறிப்பில் ஒன்று என ஒரு கட்டுரைக்கு மூன்று இடம் என்று ஹாஜிரா கணக்குச் சொன்னாள். தலைவர் எடுத்துப் போனது போக நூற்றுத் தொண்ணூற்றொன்பது இதழ். முதல் இதழின் மூன்றாம் பக்கத்தைத் திறந்து வைத்தார்கள். சித்திரவேல் மார்க்கரின் மூடியைக் கழற்றினான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவனாக நிமிர்ந்து, முறைப்படி என்னிடம் கேட்டான்.

"மரகதவல்லி, இதுல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் இருந்தா இப்பவே சொல்லிடலாம்."

ஆசிரியர் குழுவில் இரண்டு ஆண்டாக இருக்கிறேன். என் கருத்தை யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஹாஜிரா பேனாவைத் தயாராக வைத்திருந்தாள். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது.

"கை நடுங்கினா கோடு கோணலாப் போயிடும்" என்றேன்.

பையிலிருந்து ஸ்கேலை எடுத்தேன். என் பெயருக்கு நேர் கீழே வைத்து, கடைசி இதழ் வரை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.